பட்டாணி தின்ற கீரை

துணி காயப்போட்டுவிட்டு மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்த தேவிப்பிரியாவை வீட்டின் அமைதிதான் வாசலில் நிறுத்தியது. மூன்று லவ் பேர்ட்ஸ் இருக்கிற வீட்டில் முற்பகலில் அமைதி என்று ஒன்று கிடையாது. மிக்ஸி போட்டால் அதற்கு மேல் கத்தும். குக்கர் விசில் அடித்தால் பதில் கொடுக்கும். தெருவில் பழைய பேப்பர்க்காரர் குரல் கேட்டால் அவரோடும் சண்டைக்குப் போகும். இன்றைக்கு ஒன்றுமில்லை. பட்டாபிராம் ஸ்டேஷனில் ரயில் நின்று கிளம்புகிற சத்தம் வீட்டுக்குள் அவ்வளவு தெளிவாகக் கேட்டது.

காலிக் கூடையைப் போட்டுவிட்டு பால்கனிக்கு ஓடினாள்.

நீலன் நடுக்கம்பியில் பந்து போல உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கண் பாதி மூடியிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடியது. மஞ்சு மேல்கம்பியின் மூலையில் ஒதுங்கியிருந்தாள். பச்சை நிறப் பட்டாணி கூண்டின் அடித்தட்டில், விரித்திருந்த செய்தித்தாளின் மேல் சாய்ந்து கிடந்தான். ஒரு சிறகு விரிந்து துடித்தது. கால்விரல்கள் எதையோ பிடிக்கப் பார்ப்பது போல மடங்கி மடங்கி விரிந்தன. தலைக்குப் பக்கத்தில் பாதி கொறித்த முளைக்கீரைத் தண்டு ஒன்று கிடந்தது.

“பட்டாணி… டேய், பட்டாணி!”

கையில் எடுத்தாள். மகள் தீபிகா விரல் நீட்டினால் பறந்து வந்து உட்காருகிறவன், இப்போது உள்ளங்கையில் நனைந்த பஞ்சு போலக் கிடந்தான். அலகோரம் ஈரமாக இருந்தது.

ஊரே லவ் பேர்ட்ஸ் என்று சொன்னாலும் அவை சின்ன ஜாதிக் கிளிகள்தான். தீபிகாவின் பிறந்தநாளுக்கு பூந்தமல்லியில் ஒரு கடையில் நான்காக வாங்கி வந்தார்கள். “தினை போட்டா போதும் மேடம், வேற எதுவும் வேணாம்” என்றார் கடைக்காரர். அப்படியே தினையாகப் போட்டதில் நான்காவதான வெள்ளைக்கிளி கொழுத்து, மூச்சு வாங்கி, ஒருநாள் செத்துப்போனது. அம்பத்தூரில் பறவைகளுக்கும் பார்க்கிற கால்நடை மருத்துவர் ஸ்ரீநாத்திடம் மற்றவற்றைக் காட்டியபோது அவர் சிரிக்காமல் சொன்னார்: “தினமும் மூணு வேளை பிரியாணி போட்டு வளர்த்திருக்கீங்க. ஈரல் தாங்குமா? பச்சைக் காய்கறி குடுங்க, கீரை குடுங்க.”

அன்றிலிருந்து தேவிப்பிரியா காய்கறிக் கடையில் நிற்கிற விதமே மாறிவிட்டது. தங்களுக்கு வாங்குவதை ஒரு பையிலும் கிளிகளுக்கு வாங்குவதை இன்னொரு பையிலும் போட்டுக்கொண்டாள். கேரட்டின் தலைப்பக்கம் பச்சை ஓடியிருந்தால் திருப்பி வைத்துவிடுவாள். பீன்ஸை ஒடித்துப் பார்ப்பாள், மஞ்சள் பூசணியைக் கீற்றாக வாங்காமல் முழுசாகத்தான் வாங்குவாள். வெங்காயத்தையும் வெண்ணெய்ப்பழத்தையும் கூண்டுப் பக்கமே கொண்டு போகக் கூடாது என்று தீபிகாவுக்கும் பாடம் நடத்தியிருந்தாள். கீரையில்தான் கவனம் அதிகம். பளபளவென்று ஓட்டை ஒடிசல் இல்லாமல் இருக்கிற கட்டை அவள் தொடுவதே இல்லை. பூச்சி கடித்த இலைதான் நல்ல இலை, பூச்சியே தின்றுவிட்டு உயிரோடு இருக்கிறதே என்பது அவள் கணக்கு. கடைக் கீரையாக இருந்தால் உப்பும் மஞ்சள்தூளும் கலந்த தண்ணீரில் ஊறவைத்து, மூன்று முறை அலசாமல் கூண்டில் சொருக மாட்டாள்.

இன்று காலை அவள் அப்படிச் செய்யவில்லை. இது கடைக் கீரை இல்லை. கீழ்வீட்டு நாகம்மாள் தோட்டத்துக் கீரை. நாகம்மாள்தான் வீட்டுக்காரம்மாள். பட்டாபிராமில் கட்டடங்கள் வருவதற்கு முன்பிருந்தே பயிர் செய்த குடும்பம். வாரத்துக்கு ஒருமுறை தோட்டத்தில் கிள்ளியதை இரண்டு கட்டு மேலே கொடுத்தனுப்புவாள். மூன்று வருடமாகக் கொடுக்கிறாள். அதை ஒருமுறை தண்ணீரில் காட்டினால் போதும். பச்சை மணம் போகாத கீரை என்று தேவிப்பிரியா தோழிகளிடம் பெருமையடித்துக்கொள்வாள்.

டாக்டர் ஸ்ரீநாத் இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தார். அவள் சொல்லச் சொல்லக் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“இன்னிக்கு என்ன குடுத்தீங்க?”

“வழக்கமா குடுக்கறதுதான் டாக்டர். கேரட் துருவல், பீன்ஸ், முளைக்கீரை. கீரை கடையில வாங்கினது இல்ல, ஹவுஸ் ஓனர் தோட்டத்துது. அவங்க மருந்தே அடிக்க மாட்டாங்க.”

“கேட்டீங்களா?”

“இல்ல, ஆனா—”

“கேட்டுடுங்க. நீங்க சொல்றதைப் பார்த்தா பூச்சிமருந்து மாதிரிதான் தெரியுது. வாயில எதையும் ஊத்தாதீங்க. கூண்டுல இருக்கிற கீரையை எடுத்துடுங்க. மூணையும் ஒரு பெட்டியில இருட்டா வெச்சு உடனே கொண்டாங்க.” உடனே அடுத்ததைக் கேட்டார். “மேடம், வீட்ல வேற யாராவது அந்தக் கீரையைச் சாப்பிட்டீங்களா?”

தேவிப்பிரியாவின் பார்வை சமையலறைக்குப் போனது. அடுப்பு மேடையில் மத்து கழுவாமல் கிடந்தது. காலையில் அதே கீரையைத்தான் கடைந்தாள். கணவன் கௌதமின் டப்பாவில் போட்டாள். தீபிகாவின் டப்பாவில் சாதத்துக்குப் பக்கத்தில் சின்ன மூடி டப்பாவில் வைத்தாள்.

“மேடம்?”

“குழந்தைக்குக் குடுத்தனுப்பியிருக்கேன்.”

“ஸ்கூலுக்கு போன் போடுங்க. முதல்ல அதைப் பண்ணுங்க.”

பள்ளி எண் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். வகுப்பு டீச்சரின் கைப்பேசி அணைந்திருந்தது. வகுப்பு நேரத்தில் அணைத்து வைப்பது அந்தப் பள்ளியின் விதி. கௌதம் மட்டும் எடுத்தான். பாரிமுனையில் ஒரு ஹார்டுவேர் மொத்தக் கடையில் அவனுக்குக் கணக்கு வேலை.

“கீரையைத் தொடாதீங்க.”

“ஏன், உப்பு போட மறந்துட்டியா?”

“விளையாடாதீங்க. அதுல மருந்து இருக்குன்னு நெனைக்கிறேன். கொட்டிடுங்க. நான் பாப்பா ஸ்கூலுக்குப் போறேன்.”

அவன் ஏதோ கேட்பதற்குள் வைத்துவிட்டாள். தீபிகாவின் செருப்புப் பெட்டியில் பழைய பனியனை விரித்து மூன்றையும் உள்ளே வைத்தாள். மூடியில் பேனாவால் ஓட்டை குத்தும்போது அவசரத்தில் ஒரு ஓட்டை கிழிசலாகிவிட்டது.

கீழே நாகம்மாள் வாசல் வராந்தாவில் முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, கீரைக்கு மருந்து அடிச்சீங்களா?”

“இன்னாது?”

“காலைல குடுத்தீங்களே, அந்தக் கீரைக்கு—”

“ஏம்மே, இன்னா பேசிக்கினு கீற நீ?” நாகம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். “என் கையால வெதச்ச கீரை அது. சாணியும் சாம்பலும் தவிர வேற எதையும் பாத்தது கெடையாது. மருந்தாம் மருந்து!”

“கிளிங்க துடிக்குதும்மா. பட்டாணி சாகப்போகுது.”

“அதுக்கு என் கீரைதான் கெட்ச்சுதா உனுக்கு? கடைல வாங்கின கேரட்டுல இன்னா கீதோ, பீன்ஸுல இன்னா கீதோ. மூணு வருஷமா துண்ணுகினு இருந்த கீரை இன்னிக்கித்தான் கொல்லுதா?”

வேறொரு நாளாக இருந்தால் தேவிப்பிரியா அதோடு நிறுத்தியிருப்பாள். ஆவடி ராணுவத் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவள் அவள். அப்பா ஓய்வு பெறுகிற வரைக்கும் வீட்டுக்காரர் என்று ஒரு ஆளையே அறியாதவள். கல்யாணத்துக்குப் பிறகுதான் வாடகை வீட்டில் எந்த வார்த்தையை முழுங்க வேண்டும் என்று பழகினாள். இன்று முழுங்கவில்லை. நேராக வீட்டின் பக்கவாட்டுச் சந்து வழியாகப் பின்பக்கம் நடந்தாள். “எங்கம்மே போற?” என்று கத்திக்கொண்டே நாகம்மாள் பின்னால் வந்தாள்.

இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு கிடந்தது அந்தத் தோட்டம். அவரைப் பந்தல், அதற்கடியிலும் பக்கத்திலுமாகக் கீரைப் பாத்திகள், மூலையில் மோட்டார் கொட்டகை. பந்தலை நெருங்கியதும் அவளுக்கு மூக்கில் ஏறியது. மண்ணெண்ணெயும் அழுகின பூண்டும் கலந்த மாதிரி ஒரு காட்டமான வாடை. பின்னால் வந்த நாகம்மாளின் பேச்சும் அங்கேதான் நின்றது.

கொட்டகைச் சுவரில் தெளிப்பான் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் பக்கத்தில் நாகம்மாளின் கணவர் வீரராகவன் மண்வெட்டிக்கு ஆப்பு இறுக்கிக்கொண்டிருந்தார்.

கணவனும் மனைவியும் பொங்கலிலிருந்து பேசுவதில்லை. இந்த நிலத்தை விலைக்குக் கேட்டு யாரோ வந்தார்கள். இவர் சரியென்று தலையாட்டப் போனார், அவள் வந்தவர்கள் எதிரிலேயே சத்தம் போட்டுவிட்டாள். அன்றோடு பேச்சு நின்றது. சோறு தட்டில் இருக்கும், அவர் சாப்பிடுவார். ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் என்றால் தேவிப்பிரியாதான் தூது. “தேவி, அவருக்கு பிரஷர் மாத்திரை கீதான்னு கேளு” என்பாள் நாகம்மாள். அவர் ஆறடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார்.

“ஐயா, தோட்டத்துல மருந்து அடிச்சீங்களா?”

வீரராகவன் அவளைப் பார்த்தார், அவள் பின்னால் நின்ற மனைவியைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

“நேத்து பொழுதோட. அவரைக்கு. செடிப்பேன் புட்ச்சிகினு பூவெல்லாம் கொட்டுது.”

“கீரைக்கு?”

“கீரைக்கு எதுக்கு அடிக்கறேன்? ஆனா காத்து இருந்துது. பந்தலுக்குக் கீழதான பாத்தி…” அவர் கையை நீட்டிக் காட்டினார். பாத்தியின் தலைமாட்டில் ஒரு குச்சி நட்டு, அதில் சிவப்புக் கந்தல் கட்டியிருந்தது. “யாரும் கிள்ளக் கூடாதுன்னு அதான் கட்டி வெச்சேன்.”

“குருவி வெரட்டன்னு இல்ல நெனச்சேன்…” நாகம்மாளின் குரல் அவளுக்கே கேட்காத மாதிரி வந்தது. அடுத்த நொடி அது வெடித்தது. “யோவ்! வாய் இல்லியா உனுக்கு? மருந்து அடிச்சிகிறேன், கிள்ளாதன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாது?”

“நீ பேசினியா என்னாண்ட?”

“நான் பேசலன்னா? நீ பேசினா வாயில இருந்து முத்து கொட்டிடுமா?”

“சண்டை அப்புறம்!” தேவிப்பிரியா அந்த வீட்டுக்கு வந்து முதல்முறையாகக் கத்தினாள். “அம்மா, இந்தக் கீரையை இன்னும் யாருக்கெல்லாம் குடுத்தீங்க?”

நாகம்மாளின் முகம் வெளுத்துப்போனது. “கெங்கம்மா ஊடு. உலகநாதன் ஊடு. அப்பறம்…” கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். “ரேணுகா. மாசமா கீதும்மே அந்தப் பொண்ணு. ரத்தம் ஊறட்டும்னு நானே போயி ரெண்டு கட்டா குடுத்துட்டு வந்தேன்.”

வீரராகவன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொட்டகையோரம் நின்ற மொபெட்டை உதைத்தார். அது இரண்டு முறை இருமிவிட்டு எடுத்தது.

“ஏறு,” என்றார்.

நாகம்மாள் ஏறினாள். பிடிக்க வேறெதுவும் இல்லாததால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். சந்தில் மொபெட் திரும்புகிற வரைக்கும் “மொதல்ல ரேணுகா ஊட்டுக்குப் போ, ரேணுகா ஊட்டுக்கு” என்று அவள் சொல்லிக்கொண்டே போனது கேட்டது.

தேவிப்பிரியா பெட்டியை ஸ்கூட்டியின் முன்னால் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு கிளம்பினாள். பள்ளி ஆவடிக்கு முன்னாலேயே, சி.டி.எச். ரோட்டிலிருந்து உள்ளே ஒரு தெருவில் இருந்தது. டாக்டரின் கிளினிக் அதைத் தாண்டி அம்பத்தூரில். எப்படியும் இந்த வழிதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ரோட்டில் தண்ணீர் லாரி ஒன்று குறுக்கே திரும்பிக்கொண்டு நின்றது. அதன் பின்னால் ஷேர் ஆட்டோக்கள் ஹாரன் அடித்தன. காலுக்கடியில் பெட்டிக்குள் ஏதோ ஒன்று சுரண்டுகிற சத்தம் கேட்டது. சத்தம் கேட்கிற வரைக்கும் நல்லது. அவள் நடைபாதை மேல் ஏற்றி, இளநீர்க் கடைக்காரர் திட்டுவதைக் காதில் வாங்காமல் லாரியைத் தாண்டிப் போனாள்.

பள்ளி வாசலில் காவலாளி வழிவிடவில்லை. “லன்ச் டயத்துல பேரண்ட்ஸ் அலோவ் கெடையாதுங்க.”

“லன்ச் பெல் அடிச்சாச்சா?”

“இப்பதான்—”

அவர் கைக்கு அடியில் குனிந்து நுழைந்து ஓடினாள். செருப்புப் பெட்டி இடுப்பில் இருந்தது. “யம்மா, யம்மா” என்று அவர் பின்னால் ஓடி வந்தார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து டப்பாக்களைத் திறந்து வைத்திருந்தார்கள். தீபிகா தூணோரம் இருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் வாயில் சாதத்தோடு சிரித்தாள்.

“துப்பு! தீபு, துப்பு!”

குழந்தை பயந்து கையில் துப்பியது. வெள்ளைச் சாதமும் உருளைக்கிழங்கும். பச்சை இல்லை. தேவிப்பிரியா மண்டியிட்டு சின்ன டப்பாவை எடுத்தாள். அது திறந்திருந்தது. உள்ளே சுவரில் ஒட்டியது போகக் கீரை இல்லை.

“கீரை எங்கடி?”

தீபிகா உதட்டைப் பிதுக்கினாள். திட்டு விழும் என்று நினைத்துவிட்டாள்.

“சொல்லு கண்ணு. திட்ட மாட்டேன். கீரை எங்க?”

“ஸ்ரீராமுக்குக் குடுத்துட்டேன்.” சொல்லிவிட்டுப் பக்கத்தில் காட்டினாள். “எப்பவும் அவன்தான்மா சாப்பிடுவான்.”

பக்கத்தில் ஒல்லியாக ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். அவன் தயிர்சாதத்தின் மேல் பச்சையாகக் கோடு ஓடியிருந்தது. உதட்டோரமும் பச்சை. கையில் அடுத்த வாய் தயாராக இருந்தது. தேவிப்பிரியா அந்தக் கையைப் பிடித்து உதறிய வேகத்தில் சாதம் சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. பையன் அழ ஆரம்பித்தான். டீச்சர் ஓடி வந்தார். சுற்றிலும் டப்பாக்கள் மூடுகிற சத்தம் கேட்டது.

“என்ன மேடம் பண்றீங்க?”

மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள். டீச்சர் முகம் மாறியது. ஸ்ரீராமைத் தூக்கி வாயைக் கொப்பளிக்க வைத்தார். எத்தனை வாய் சாப்பிட்டான் என்று கேட்டதற்கு, ரெண்டு என்றான் ஒருமுறை, நாலு என்றான் ஒருமுறை. வயிறு வலிக்கிறதா என்று கேட்டால் தலையை ஆட்டினான். வலிக்கிறது என்கிறானா, பயத்தில் ஆட்டுகிறானா, தெரியவில்லை. அடுத்த தெருவில் இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடலாம் என்று முடிவானது. டீச்சர் அவனைத் தூக்கிக்கொண்டார். தேவிப்பிரியா பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு நொடி நின்றாள்.

பெட்டி லேசாக அதிர்ந்தது. இங்கிருந்து அம்பத்தூர் போக அரைமணியாவது ஆகும். டாக்டர் காத்துக்கொண்டிருப்பார். பிள்ளையைத்தான் டீச்சர் பார்த்துக்கொள்கிறாரே என்று ஒரு குரல் உள்ளே சொன்னது. ஆனால் ஆஸ்பத்திரியில் என்ன கீரை, என்ன மருந்து, எப்போது அடித்தது என்று கேட்டால் சொல்லக்கூடிய ஆள் அவள் ஒருத்திதான். அவள் கடைந்த கீரை அது.

“ஸ்ரீராம் அம்மா நம்பர் குடுங்க டீச்சர். நானே பேசறேன்,” என்றாள். “நானும் வரேன்.”

தீபிகாவும் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். “பெட்டில என்னம்மா?” என்று கேட்டாள். தேவிப்பிரியாவால் பொய் சொல்ல முடியவில்லை. தீபிகா பெட்டியை வாங்கித் தன் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

ஸ்ரீராமின் அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். போனில் அவளிடம் சொல்வதுதான் அந்த நாளில் மிகக் கடினமாக இருந்தது. “உங்க பையன் நல்லாதான் இருக்கான், ஆனா” என்று தொடங்கி, அந்த ஆனாவுக்கு அப்புறம் பேச்சு வரவில்லை. மறுமுனையில் தையல் மெஷின்களின் இரைச்சல். “ஆனா இன்னாக்கா? ஆனா இன்னா?” என்று அவள் கத்தினாள். தேவிப்பிரியா ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் அறுந்தது.

குழந்தை மருத்துவர் ஸ்ரீராமின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார், நாடி பார்த்தார், வயிற்றை அமுக்கினார். வீரராகவனுக்குப் போன் போட்டு மருந்து டப்பாவில் எழுதியிருக்கிற பெயரைக் கேட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். பின்னால் நாகம்மாள், “கண்ணாடி போட்டுகினு படிய்யா” என்று அதட்டினாள்.

“கழுவி, வேகவெச்சதால வீரியம் கொறைஞ்சிருக்கும்,” என்றார் மருத்துவர். “சாப்பிட்டதும் கொஞ்சம்தான். இப்போதைக்கு ஒண்ணும் தெரியல. ஆனா சாயங்காலம் வரைக்கும் இங்க இருக்கட்டும். எச்சில் ஒழுகுதா, வாந்தி வருதான்னு பார்ப்போம்.”

வெளியே நாற்காலி வரிசையில் மூவரும் உட்கார்ந்தார்கள். தேவிப்பிரியாவின் கண் கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே ஸ்ரீராம் படுத்திருந்த கட்டிலை விட்டு நகரவில்லை. அவன் எச்சில் விழுங்கினால்கூட அவள் தொண்டை விழுங்கியது. டீச்சர் தண்ணீர் வாங்கி வந்தார். யாரும் குடிக்கவில்லை. தீபிகா பெட்டியை மடியில் வைத்து, கிழிந்த ஓட்டை வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா,” என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. “பட்டாணி ஆட மாட்டேங்கறான்.”

தேவிப்பிரியா மூடியைத் தூக்கிப் பார்த்தாள். மெதுவாக மூடினாள். மகளின் தலையைத் தன் பக்கம் இழுத்துச் சேர்த்துக்கொண்டாள். குழந்தை சத்தமில்லாமல் அழுதது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீராம் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, “மிஸ், பசிக்குது” என்றான்.

அவன் அம்மா ஆட்டோவிலிருந்து இறங்கி வந்தபோது கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கிக்கொண்டிருந்தது. நேராகப் பையனிடம் போய் அவன் முகத்தையும் கையையும் வயிற்றையும் தடவிப் பார்த்தாள். மருத்துவர் சொன்னதைக் கேட்டாள். பிறகு தேவிப்பிரியா பக்கம் திரும்பினாள். என்ன வந்தாலும் வாங்கிக்கொள்வது என்று தேவிப்பிரியா எழுந்து நின்றாள்.

“ஊட்ல கீரைன்னா ஓடுவான்க்கா,” என்றாள் அவள். குரல் உடைந்திருந்தது. “அடிச்சாலும் துண்ண மாட்டான். உங்க பொண்ணு குடுத்தா மட்டும் துண்றானா?”

அது கோபமா, குறையா, என்னவென்று யாருக்கும் புரியவில்லை. அவளுக்கே புரிந்திருக்காது. சொல்லிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு தீபிகாவின் மடியில் இருந்த பெட்டியைப் பார்த்து, “இன்னும் எதுனா உயிரோட கீதா அதுல?” என்று கேட்டாள்.

“ரெண்டு.”

“அப்ப இன்னாத்துக்கு இங்க குந்திகினு கீறீங்க? போங்க. நான்தான் வந்துட்டேன் இல்ல.”

கிளினிக்கில் ஸ்ரீநாத் வாசலிலேயே நின்றிருந்தார். மஞ்சுவின் இரைப்பையைத் தொட்டுப் பார்த்து, இவள் கேரட்தான் அதிகம் தின்றிருக்கிறாள் என்றார். நீலனைக் கையில் எடுத்தார். நூல் போன்ற ஊசியில் மருந்து ஏற்றி மார்புச் சதையில் போட்டார். வெளிச்சமில்லாத, சூடான ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார். “ரெண்டு நாள் இங்கயே இருக்கட்டும். பிழைச்சா இவன் கெட்டிக்காரன்,” என்றார். பட்டாணியைப் பார்த்துவிட்டு, இவனை இன்னும் சீக்கிரம் கொண்டுவந்திருந்தாலும் சந்தேகம்தான் என்றார். அது உண்மையா, தன்னைத் தேற்றவா என்று தேவிப்பிரியா கேட்கவில்லை.

பொழுது சாயும்போது வீட்டுக்கு வந்தார்கள். ஸ்ரீராமை வீட்டுக்கு அனுப்பிவிட்டதாக டீச்சரிடமிருந்து செய்தி வந்திருந்தது. கௌதம் முன்னாலேயே வந்து வாசலில் நின்றான். நாகம்மாளும் வீரராகவனும் அவனோடு நின்றிருந்தார்கள். நாகம்மாள்தான் பேசினாள். ரேணுகா வீட்டில் கீரை அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்ததாம். இவள் போன வேகத்தில் சட்டியோடு தூக்கிச் சாக்கடையில் கவிழ்த்தாளாம். உலகநாதன் வீட்டில் இன்னும் கட்டே பிரிக்கவில்லை. கெங்கம்மாள் மட்டும் சாப்பிட்டுவிட்டிருந்தாள். இரண்டு முறை வாந்தி எடுத்தாள். இவர்கள்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்து, குளுக்கோஸ் பாட்டில் ஏற்றி, இப்போது தெளிவாக இருக்கிறாள் என்று பார்த்துவிட்டு வந்தார்கள்.

“அவ மவன் என்னை இன்னா கேட்டான் தெர்யுமா? நல்ல மனசோடதான குடுத்தீங்க ஆயான்னான்.” நாகம்மாள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “செவுள்ல ரெண்டு உட்டிருந்தாக்கூட தாங்கியிருப்பேன்.”

வீரராகவன் தீபிகாவின் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். போய் மண்வெட்டியை எடுத்துவந்தார்.

“அவரைப் பந்தலாண்ட தோண்டாத,” என்றாள் நாகம்மாள்.

“அங்க ஏன் தோண்டறேன்? கறிவேப்பிலை மரத்தாண்ட.”

“அங்க வேர் கீது.”

“வேர் இல்லாத எடம் எனக்குத் தெர்யும், நீ சும்மா இரு.”

“நான் சும்மா இருந்துதான இவ்ளோ—”

“வேணாம் தாத்தா,” என்றாள் தீபிகா. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். “உங்க மண்ணுல வேணாம். அதுல மருந்து இருக்கும்.”

யாரும் அவளை அதட்டவில்லை. வீரராகவன் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். மொட்டை மாடியில் செம்பருத்தித் தொட்டிக்குள் பட்டாணியை கௌதம் புதைத்தான்.

நீலன் பிழைத்துக்கொண்டான். வீடு வந்து பல நாள் வரைக்கும் கம்பியில் ஏறாமல் அடித்தட்டிலேயே நடந்தான். தேவிப்பிரியா கேரட்டைத் தோல் சீவி, பூசணியைத் தோல் சீவி, சோளத்தை மடல் பிரித்து, தோல் இருக்கிற காயாகப் பார்த்துப் பார்த்துப் போட்டாள். இலை மட்டும் போடவில்லை. மார்க்கெட்டில் கீரைக்காரம்மாள் கட்டை நீட்டினால் கை தானாகப் பின்னால் போனது. “இலை வேணும் மேடம், இறகு பாருங்க மங்குது” என்றார் ஸ்ரீநாத். சரி டாக்டர் என்று மட்டும் சொன்னாள்.

ஒருநாள் காலை நாகம்மாள் மாடிப்படி ஏறி வந்தாள். முட்டிவலி என்று அவள் மேலே வருவதே கிடையாது. மூச்சு வாங்க நின்று, முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு கை கீரை விதையை நீட்டினாள்.

“நீயே போடு. நீயே தண்ணி ஊத்து. நான் இந்தப் பக்கம் வர மாட்டேன், அவரும் வர மாட்டாரு.” படியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “இப்பல்லாம் அந்தாளு தும்மறதுக்கு முன்னகூட என்னாண்ட சொல்லிட்டுதான் தும்மறாரு.”

தேவிப்பிரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் விதையை வாங்கிக்கொண்டாள். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். நாகம்மாள் குடித்துவிட்டு, கூண்டுப் பக்கம் திரும்பாமலே இறங்கிப் போனாள்.

மொட்டை மாடியில் இரண்டு பழைய பெயின்ட் டப்பாக்களில் கடையிலிருந்து வாங்கிய மண்ணைப் போட்டு தேவிப்பிரியா விதைத்தாள். முளை விட்டது. இலை விட்டது. கிள்ளுகிற அளவுக்கு வந்தும் அவள் கிள்ளவில்லை. இரண்டு தடவை போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கி வந்தாள். பிறகொரு காலை அடுப்பில் பாலை வைத்துவிட்டு மேலே போய் நான்கு இலை கிள்ளி வந்தாள். அலசினாள். திரும்பவும் அலசினாள். ஒன்றைத் தன் வாயில் போட்டு மென்றுவிட்டு மற்றதைக் கூண்டுக் கம்பியில் சொருகினாள்.

நீலன் கழுத்தைச் சாய்த்து அதைப் பார்த்தான், கிட்டே வரவில்லை. மஞ்சு கம்பியில் பக்கவாட்டாக நகர்ந்து நகர்ந்து வந்தாள். இலை ஓரத்தை அலகால் தொட்டாள். விட்டாள். மறுபடி தொட்டு ஒரு துணுக்குக் கிழித்தாள்.

உள்ளே பால் பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம் கேட்டது. தீபிகா, “அம்மா, பாலு!” என்று கத்தினாள். தேவிப்பிரியா கூண்டின் முன்னாலிருந்து நகரவில்லை.